பார்த்துக்கொண்டிருந்தவளின் முகம்

எங்கள் அலுவலகத்தில் வாயைத் திறக்காமல் இருப்பதற்காகச் சம்பளம் வாங்கியவள் ரவுதா சாமெத் ஒருத்திதான். கெர்க்கென்னா தீவில் பிறந்தவளுக்கு அது லேசான காரியம் இல்லை. அலைச் சத்தத்தை மீறிக் கத்திப் பேசியே வளர்ந்தவர்கள் அந்தத் தீவுக்காரர்கள். அவள் தொலைபேசியில் பேசினால், கீழே மருந்துக்கடையில் நிற்பவர்களுக்கும் அவள் வீட்டு மதியச் சமையல் என்னவென்று தெரிந்துவிடும்.

ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் கிரெம்தா சாலையில், அந்த மருந்துக்கடைக்கு மேலே மூன்று அறைகள் எங்கள் அலுவலகம். ஒரு இயந்திரத்தையோ திரையையோ சாதாரண மனிதர்கள் சிரமமில்லாமல் பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துச் சொல்வது எங்கள் தொழில். பேருந்து நிலையத்துத் திரை, நூலகக் கணினி, கைபேசியில் மருந்து வாங்கும் செயலி என்று எது வந்தாலும் பார்ப்போம். நான் நூருத்தீன். கேமராக்களும் நேரக் கணக்கும் என் பொறுப்பு.

ரவுதா எங்களிடம் வந்தபோது அவளுக்கு முப்பத்தொன்பது வயது. அதற்கு முன் பதினான்கு வருடம் துறைமுகத்தில், தீவுக்குப் போகும் கப்பலுக்குச் சீட்டுக் கொடுக்கும் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது மகள் பிறந்த பிறகு அந்த வேலையின் மாறி மாறி வரும் நேரங்கள் ஒத்துவரவில்லை. கணவர் பெஷீர் நகரப் பேருந்து ஓட்டுநர். "ரெண்டு பேர்ல ஒருத்தராவது இருட்டுறதுக்குள்ள வீட்டுக்கு வரணும், அது நீயா இரு" என்று அவர் சொன்னாராம். அதனால் எங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். சோதனைக்கு வேண்டிய ஆட்களைக் கூப்பிடுவது, வருகிறவர்களுக்குக் காப்பி கொடுப்பது, கையெழுத்து வாங்குவது, இதுதான் அவள் வேலை.

வந்த இரண்டே மாதத்தில் அவளுக்கு அலுவலகத்தின் சண்டை புரிந்துவிட்டது. எங்களிடையே இரண்டு கட்சிகள் இருந்தன. ஒன்று இனெஸ் ஃபுராத்தியின் பட்டியல் கட்சி. நல்ல திரைக்கு என்னென்ன இருக்க வேண்டும் என்று பத்து விதிகள் அவளிடம் உண்டு. அந்தப் பத்தையும் வைத்துக்கொண்டு, அனுபவசாலிகள் இரண்டு மூன்று பேர் தனித்தனியாக உட்கார்ந்து இயந்திரத்தைக் குடைவார்கள். பிறகு பிழைகளைப் பட்டியல் போடுவார்கள். வெளியாள் யாரும் தேவையில்லை.

மற்றது நாற்காலிக் கட்சி. தெருவில் போகிற ஆளைக் கூட்டிவந்து இயந்திரத்தின் முன் நிறுத்தி, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்வார்கள். பக்கத்தில் நாற்காலி போட்டு ஒருவர் பேசாமல் உட்கார்ந்து எழுதுவார். எங்கள் தலைவர் லுத்ஃபி இந்தக் கட்சி; மரியாதைக்கு 'ஸி' சேர்த்து ஸி லுத்ஃபி என்போம். எந்த முறை நல்லது என்பதைத்தான் அவர் வெளிநாட்டில் ஆறு வருடம் ஆராய்ந்து பட்டம் வாங்கியிருந்தார்.

ஒருநாள் நாற்காலியில் உட்காரும் வலீத் வண்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டான். சோதனைக்கு ஒரு குழாய் வேலைக்காரர் வந்து காத்திருந்தார்.

"நீங்க போய் உட்காருங்க ரவுதா," என்றார் ஸி லுத்ஃபி. "பாருங்க, எழுதுங்க, வாயைத் திறக்காதீங்க. அவ்வளவுதான்."

"பாக்குறதும் எழுதுறதும் சரி. அந்த மூணாவது இருக்கே, அதுக்குத் தனியா சம்பளம் கூட்டித் தருவீங்களா?"

ஆனால் உட்கார்ந்தாள். குழாய்க்காரரின் விரல்கள் தடித்தவை. ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டு அழுந்தின. "அக்கா, எதை அமுக்கணும்?" என்று மூன்று முறை கேட்டார். ரவுதா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேர்த்து விறுவிறுத்து முடித்துவிட்டு அவர் சொன்னார்: "இருபது நிமிஷம் ஒரு வார்த்தை பேசலியே நீங்க. உங்க வீட்டுக்காரர் கொடுத்து வெச்சவர்!"

இதைக் கேள்விப்பட்ட பெஷீர், தன் பேருந்து வழித்தடம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்.

அவள் எழுதிய தாளைப் பார்த்த ஸி லுத்ஃபி, வலீத்தின் கால் சரியான பிறகும் அவளைத்தான் நாற்காலியில் உட்கார வைத்தார். மற்றவர்கள் "பயனர் குழப்பமடைந்தார்" என்று எழுதுவார்கள். அவள் எழுதியது இப்படி இருந்தது: "'இது என்ன எழவு' என்றார். மூக்கைச் சொறிந்தார். போய்விடலாமா என்று வாசலைப் பார்த்தார். கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு மறுபடி அழுத்தினார்." அதைப் படித்தால் அந்த மனிதரின் பக்கத்தில் நிற்பது போல இருக்கும். அப்படியே ஏழு வருடம் போயிற்று.

பிறகுதான் ஆஸ்பத்திரி இயந்திரம் வந்தது.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்று, வெளிநோயாளிகள் தாங்களே முன்பதிவு செய்துகொள்ள ஒரு திரை இயந்திரத்தை வாங்கியிருந்தது. அடுத்த ஆண்டு சுற்றியிருக்கும் ஊர்களில் இன்னும் பதினைந்து இயந்திரங்கள் வைப்பதாக இருந்தார்கள். அவர்கள் எங்களிடம் கேட்டது புதுமையான கேள்வி. "ஒவ்வொரு ஊர்லயும் எல்லாச் சோதனையும் செய்ய எங்களுக்கு நேரம் கிடையாது. இந்த ஒரு மெஷினை உங்க எல்லா முறையிலயும் சோதிச்சுப் பாருங்க. எந்த முறை நல்லதுன்னு சொல்லுங்க. இனி அதை மட்டும் செய்யறோம்."

ஸி லுத்ஃபிக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்நாள் முழுக்க அவர் காத்திருந்த கேள்வி அது.

மூன்று முறைகளை வைத்துக்கொண்டோம். இனெஸும் இன்னும் இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில் இரண்டு நாள் உட்கார்ந்தார்கள். மூவரின் தாள்களையும் சேர்த்தபோது ஐம்பத்தெட்டுப் பிழைகள் வந்தன. ஒருவர் கண்ணில் பட்டதில் பாதி மற்றவர் கண்ணில் படவில்லை. அதனால்தான் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று இனெஸ் எப்போதும் அடித்துச் சொல்வாள்.

ரவுதா நான்கு நாட்களில் பன்னிரண்டு பேரைப் பார்த்தாள். பதினேழு பிழைகள் கிடைத்தன. பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் முன்பதிவைச் செய்து முடித்தார்கள். மூன்றாவது முறை கேள்வித்தாள். முடித்த பிறகு, இயந்திரம் எப்படி இருந்தது என்று ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடச் சொன்னோம்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஜெபெனியானாப் பக்கத்திலிருந்து வந்த ஹல்லூமாவை என்னால் மறக்க முடியாது. அறுபது வயது. இயந்திரம் அடையாள அட்டை எண்ணைக் கேட்டது. அவர் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்து, மேல் துணியை விலக்கி, உள்ளே முடிந்து வைத்திருந்த அட்டையை எடுத்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். அதற்குள் திரை முதல் பக்கத்துக்கே போய்விட்டது. யாரும் தொடாவிட்டால் இருபது நொடியில் அப்படித் திரும்பிவிடும். மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் போய்விட்டது. மூன்றாவது தடவையும் போனபோது அவர் திரையைப் பார்த்துச் சொன்னார்: "இதுக்கு ரொம்ப அவசரம் போல. பாவம், வீட்ல அதுக்கு என்ன வேலை கெடக்கோ."

கடைசிவரை அவருக்கு முன்பதிவு கிடைக்கவில்லை. ஆனால் கேள்வித்தாளில் எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து போட்டார்.

"ஏம்மா, உங்களால முடியவே இல்லையே, அப்புறம் ஏன் முழு மார்க்?" என்று ரவுதா கேட்டாள்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு மகளே. நான்தான் மக்கு. அதைப் போய் எதுக்குக் குத்தம் சொல்லணும்?"

இந்த இருபது நொடி விஷயம் இனெஸின் ஐம்பத்தெட்டில் இல்லை. அவர்கள் மூன்று பேரும் அட்டையைத் தேடவே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு இலக்கத்தை மளமளவென்று தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறார்கள்.

கூட்டத்தில் ஸி லுத்ஃபிக்கு முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எட்டுப் பிழைகள் இரண்டிலும் இருந்தன. ஒன்பது ரவுதாவிடம் மட்டும். இனெஸ் கண்டதில் மீதி ஐம்பதும் யாரையும் தடுக்கவே இல்லை.

"நாப்பத்தொண்ணாவதைப் பாருங்க," என்றாள் இனெஸ். "எந்தப் பிரிவுன்னு தேர்ந்தெடுக்கற பக்கம். எல்லாம் டாக்டருங்க பாஷையில இருக்கு. சனங்களுக்கு அது எப்படிப் புரியும்?"

"பன்னெண்டு பேர்ல ஒருத்தர்கூட அந்தப் பக்கத்துல நிக்கலையே இனெஸ். சட்டுனு சரியா அமுக்கிட்டுப் போறாங்க. அது உன்னோட சந்தேகம், அவ்வளவுதான்." அவர் நாற்பத்தொன்றைக் கோடு போட்டு அடித்துவிட்டார். இனெஸ் பேனாவை மூடிப் பைக்குள் போட்டாள். அன்று அவள் யாரோடும் சாப்பிட உட்காரவில்லை.

அறிக்கை திங்கட்கிழமை போக வேண்டும். சனிக்கிழமை காலை ரவுதா, ஹல்லூமா சொன்ன வார்த்தைகளைச் சரிபார்க்கப் படப்பதிவைப் போட்டுப் பார்த்தாள். நான் இரண்டு கேமராக்கள் வைத்திருந்தேன். ஒன்று விரலையும் திரையையும் பார்க்கும். மற்றது ஆளின் முகத்தைப் பார்க்கும். அதன் ஓரத்தில் நாற்காலியும் விழுந்திருந்தது. இதுவரை அந்த ஓரத்தை யாரும் கவனித்ததில்லை.

"நூரி, இங்க வா," என்று கூப்பிட்டாள். குரல் அடங்கியிருந்தது, அதுவே எனக்குப் புதிதாக இருந்தது. "சத்தத்தை நிறுத்திட்டுப் பாரு."

பார்த்தேன். பிரிவுகளின் பட்டியல் திரையில் வந்தது. ஹல்லூமாவுக்கு அடுத்து வந்த ஒருவனின் விரல் காற்றில் நின்றது. அவன் கண் பக்கவாட்டில், நாற்காலிப் பக்கம் போனது. விரல் மேலிருந்து கீழே நகர்ந்தது. சரியான இடத்துக்கு வந்ததும் ரவுதாவின் புருவம் லேசாக உயர்ந்து, முகவாய் ஒரு நூல் அளவு இறங்கியது. அவன் அழுத்தினான்.

"இன்னொருத்தரைப் போடு."

அடுத்தவரிடமும் அதேதான். தப்பான இடத்தில் விரல் போனால் ரவுதா உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டாள். விரல் உடனே விலகியது. பன்னிரண்டில் பத்துப் பேர் அவள் முகத்தைப் பார்த்துத்தான் அழுத்தியிருந்தார்கள். அவர்களுக்கே அது தெரிந்திருக்காது.

"பதினாலு வருஷம் கண்ணாடிக்குப் பின்னாடி இருந்தவ நான்," என்றாள். "கண்ணாடி வழியா பேச்சு கேக்காது. அந்தப் பக்கம் போ, இந்தப் பக்கம் வா, பையனுக்குச் சீட்டு வேணாம், எல்லாம் மூஞ்சியாலதான் சொல்வேன். வாயை மட்டும்தான் மூடினேன் நூரி. மூஞ்சியை மூடல."

நான் அப்போது சொன்னது நன்றாக இல்லை என்பது இப்போது தெரிகிறது. "விடு ரவுதா. திங்கக்கிழமை அறிக்கை போகுது. இந்த ஓரத்தை யார் பாக்கப் போறாங்க? நமக்கு வேண்டியது பதினேழு பிழை, அது கிடைச்சாச்சு."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஊர் ஊரா பதினஞ்சு மெஷின் வைக்கப் போறாங்க. ஒவ்வொண்ணு பக்கத்துலயும் நான் போய் உக்காருவேனா?"

திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் அவளே படப்பதிவைப் போட்டுக் காட்டினாள். எங்கே பார்க்க வேண்டும் என்று திரையின் ஓரத்தில் விரல் வைத்துக் காட்டினாள். "ஒன்பது பேர் முடிச்சாங்கன்னு எழுதியிருக்கோம். அது பொய்ங்க. எத்தனை பேருன்னு நமக்குத் தெரியாது. இந்த ஏழு வருஷத்துல வேற எத்தனை சோதனையில இப்படி ஆச்சுன்னும் தெரியாது. என்னை வேலையைவிட்டு அனுப்பறதுன்னா அனுப்பிடுங்க. ஆனா இதை அனுப்பாதீங்க."

ஸி லுத்ஃபியின் காது மடல் சிவந்துவிட்டது. மேசையில் இருந்த அறிக்கையைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தார். மறுபடி நிமிர்த்தினார்.

திடீரென்று இனெஸ் சிரித்தாள். அடக்கப் பார்த்தும் முடியாமல் கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். "ஏழு வருஷமா நான் தோத்துட்டே இருந்தது இந்தப் புருவத்துக்கிட்டயா அக்கா?"

"சிரி, சிரி. உன் காலம்."

"இல்லக்கா, நிஜமா சொல்றேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு இதைப் பாத்துட்டு வந்து சொல்ற தைரியம் இருந்திருக்காது." பிறகு ஸி லுத்ஃபி பக்கம் திரும்பினாள். "இன்னும் ரெண்டு வாரம் அவகாசம் கேளுங்க ஸி லுத்ஃபி. புதுசா பன்னெண்டு பேரை வெச்சுத் திரும்பச் செய்யலாம். அக்கா பக்கத்து அறையில இருக்கட்டும்."

ஆஸ்பத்திரிக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். என்ன நடந்தது என்பதை ஸி லுத்ஃபி ஒளிக்காமல் சொன்னதும் இரண்டு வாரம் கொடுத்தார்கள்.

இந்த முறை ரவுதா வந்தவர்களை வரவேற்று, காப்பி கொடுத்து, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்து அறைக்கு வந்துவிடுவாள். அங்கே என்னோடும் இனெஸோடும் உட்கார்ந்து திரையில் பார்ப்பாள். சுவர் தடிமனானது. இனி அவள் பேசலாம். ஏழு வருடம் தேக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது.

"இடது பக்கம்! ஐயோ, இடது பக்கம் கீழே பாரு ராசா! அது இல்ல, அது சிறுநீரகம்! உன் பிள்ளைக்குக் காதுல வலி, நீ எதுக்குச் சிறுநீரகத்துக்குப் போற?"

"அக்கா, மெதுவா," என்பாள் இனெஸ். "பட்டியல்ல எழுதிட்டிருக்கேன்."

"எழுது, எழுது. உன் நாப்பத்தொண்ணுதான் அது. அங்கேயேதான் நிக்கறான் மனுஷன்."

அந்தப் பிரிவுப் பக்கத்தில் ஏழு பேர் நின்றுவிட்டார்கள். பன்னிரண்டில் முன்பதிவை முடித்தவர்கள் ஐந்தே பேர். ஸி லுத்ஃபி அடித்துவிட்ட நாற்பத்தொன்றாவது பிழைதான் எல்லாவற்றிலும் பெரியது என்று தெரிந்தது. அதே நாள், கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் அட்டையைத் தேடிக்கொண்டிருக்கும்போது திரை முதல் பக்கத்துக்குத் திரும்பியது. இனெஸ் எழுந்து நின்று பார்த்தாள். "எனக்குத் தோணவே இல்லியே. கையில குழந்தையோட நான் ஒரு தடவைகூட எந்த மெஷினையும் சோதிச்சதில்ல." அவளும் அதைத் தன் தாளில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள்.

கடைசியில் அறிக்கை எந்த முறையையும் வெற்றி பெற்றதாகச் சொல்லவில்லை. முதலில் அனுபவசாலிகள் தனித்தனியாகப் பட்டியல் போடட்டும், வெளிப்படையான பிழைகளைத் திருத்திவிடுங்கள். அதன்பிறகு உண்மையான ஆட்களை அழைத்துப் பாருங்கள், அந்த அறையில் நம்மவர் யாரும் இருக்க வேண்டாம். பட்டியலில் இருக்கும் ஒரு பிழையை, அதில் யாரும் தடுமாறவில்லை என்பதற்காக அவசரப்பட்டு நீக்கிவிடாதீர்கள். கேள்வித்தாளை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள், ஜனங்கள் மரியாதை தெரிந்தவர்கள். இதுதான் சாரம். முதல் சோதனை ஏன் தவறியது என்று ஒரு முழுப் பக்கம் இருந்தது. அதற்கு "பார்வையாளரால் நேர்ந்த தாக்கம்" என்று தலைப்புப் போட்டிருந்தார் ஸி லுத்ஃபி.

"யாரு அந்தப் பார்வையாளர்?" என்று கேட்டாள் ரவுதா. "எனக்குப் பேர் இல்லையா? என் பேரைப் போடுங்க. நாளைக்கு இன்னொருத்தி நாற்காலியில உக்காரப் போறதுக்கு முன்னாடி, இது நெசமா ஒரு பொம்பளைக்கு நடந்துச்சுன்னு தெரியட்டும்."

அவர் அடிக்குறிப்பில் போட்டார்.

ஆஸ்பத்திரியில் இருபது நொடியை நீட்டினார்கள். "இன்னும் நேரம் வேண்டும்" என்று ஒரு பெரிய பொத்தான் வைத்தார்கள். பிரிவுகளுக்கு எலும்பு, காது, கண், வயிறு என்று பெயர் வைத்துப் பக்கத்தில் படமும் போட்டார்கள். மறுபடி சோதித்தபோது பத்துப் பேர் முடித்தார்கள். இரண்டு பேருக்கு அப்போதும் முடியவில்லை. அந்த இரண்டு பேரைப் போன்றவர்களுக்காக, ஆள் உட்கார்ந்து பதிவு செய்து தரும் ஒரு சன்னலைத் திறந்தே வைத்திருக்கச் சொல்லி ரவுதா தனியாக ஒரு வரி எழுதினாள். அதையும் கேட்டுக்கொண்டார்கள்.

அதன்பிறகு வெளியூர்ச் சோதனைகளுக்கு ரவுதாவும் இனெஸும் சேர்ந்தே போனார்கள். இனெஸின் சின்னக் காரில் அவள் தன் பட்டியலைச் சொல்லிக்கொண்டே ஓட்டுவாள். எது ஆட்களைத் தடுக்கும், எது தடுக்காது என்று ரவுதா முன்கூட்டியே சொல்வாள். தோற்றவர் காப்பி வாங்கித் தர வேண்டும். பாதிக்குக் கொஞ்சம் மேலே ரவுதா சொன்னது சரியாக இருக்கும். "மீதிக்கு?" என்று கேட்டேன். "மீதிக்கு அக்கா தப்பாச் சொல்றாங்க. நானும்தான்," என்றாள் இனெஸ்.

சென்ற இலையுதிர் காலத்தில் நானும் அவர்களோடு மஹ்தியாவுக்குப் போனேன். அங்கே ஓர் அலுவலகத்தில் வரிசைச் சீட்டுக் கொடுக்கும் இயந்திரம். இனெஸின் கையில் பட்டியல், ரவுதாவின் கையில் வரப்போகும் பன்னிரண்டு பேரின் தொலைபேசி எண்கள், என் தோளில் கேமராக்கள். உள்ளே நுழைந்தோம். இயந்திரத்தின் மேல் கோணல்மாணலாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பேனாவால் பெரிதாக எழுதியிருந்தார்கள்: "முதலில் பச்சை. பிறகு மூன்று எண்ணும் வரை காத்திருக்கவும். இரண்டாம் முறை அழுத்த வேண்டாம்."

"இதை யாரு எழுதினது?" என்று கேட்டாள் ரவுதா.

வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த காவல்காரர் கையைத் தூக்கினார். "நான்தான். எல்லாரும் ரெண்டு தடவை அமுக்கிட்டு ரெண்டு சீட்டோட என்கிட்ட வந்து சண்டை போடறாங்க. ஏன், தப்பா?"

இனெஸ் தன் பட்டியலைத் திறந்து, ஒரு பக்கத்தைப் பார்த்து, மூடினாள். ரவுதா சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"தப்பே இல்ல ஐயா," என்றாள் அவள். பக்கத்தில் கிடந்த இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். "வேற என்னென்ன சண்டை போடறாங்க, சொல்லுங்க."

அவர் உள்ளே பார்த்து டீ கொண்டுவரச் சொன்னார். நான் கேமராப் பையைத் தரையில் வைத்தேன்.